சனிக்கிழமை ஊசி

எங்கள் எஸ்டேட்டில் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு டிஸ்பென்சரி வாசலில் ஒரு வரிசை நிற்கும். நிற்பவர்களில் ஒருத்திக்கும் காய்ச்சல் இருக்காது, காயம் இருக்காது. தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல், இடது கைச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் ஆளுக்கு ஒரு வலி ஊசி போடுவேன். கூடவே வாரத்தின் நடுவில் முழுங்குவதற்கு இரண்டு மாத்திரை மடித்துக் கொடுப்பேன். அரை மணி நேரத்தில் வரிசை கலைந்துவிடும்.

என் பெயர் வேல்முருகன். சித்திரபுரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் மேலே இருக்கிற எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷமாகக் கம்பவுண்டர். டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவார், டீ குடிப்பார், போய்விடுவார். மிச்ச ஆறு நாளும் டாக்டர் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். அப்போது எனக்கு அது பெரிய பெருமையாகத்தான் இருந்தது.

இந்த சனிக்கிழமை ஊசி எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலேயே உண்டு. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், சிலர் சர்ச்சுக்குப் போக வேண்டும், திங்கள் விடிந்தால் மறுபடியும் மலையேற வேண்டும். வலி வரும் முன்பே மருந்து உடம்பில் இருந்தால் வாரம் தாங்கும் என்று நம்பினோம். வலி வந்த பிறகு பார்ப்பவன் சாதா வைத்தியன், வருவதற்கு முன்னாலேயே பார்ப்பவன் கெட்டிக்காரன் என்று நான் பேசிக்கொண்டு திரிந்தேன். கேட்பவர்களும் தலையாட்டினார்கள்.

வாரத்துக்கு ஆளுக்கு ஒரு ஊசி. என் மனைவி மாரித்தாய்க்கு மட்டும் இரண்டு. அவளும் கொழுந்து எடுக்கிறவள். மற்றவர்களோடு சனிக்கிழமை வரிசையில் கடைசியாக நின்று ஒன்று வாங்கிக்கொள்வாள். புதன்கிழமை வேலை விட்டு வந்ததும் வீட்டிலேயே இன்னொன்று போட்டுவிடுவேன். கம்பவுண்டர் பெண்டாட்டிக்கு அந்தச் சலுகைகூட இல்லையென்றால் நான் என்ன கம்பவுண்டர்? எனக்கு அவள் மேல் அவ்வளவு பிரியம்.

போன வருஷம் மழைக்கு முன்னால் ஜின்சி வந்து சேர்ந்தாள். எங்கள் டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கிற மிக்கேலின் மகள். அந்தப் பிள்ளைக்குப் போலியோ சொட்டு மருந்து ஊற்றியதே நான்தான். கோயம்புத்தூரில் பிசியோதெரபி படித்து, அதற்கு மேலே கைரோபிராக்டிக் என்று ஒன்றையும் படித்துவிட்டு, சித்திரபுரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பேக்கரி மாடியில் அறை எடுத்து போர்டு மாட்டினாள். முதுகெலும்பையும் மூட்டையும் கையாலேயே பிடித்துச் சரிசெய்கிற படிப்பாம். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. அந்தப் பெயர் எஸ்டேட்டில் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. 'சொடக்குக் கடை' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

போனவர்களெல்லாம் சத்தத்துக்காகத்தான் போனார்கள். முதுகில் 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தால் வலி இறங்கிவிட்டதாக அர்த்தம். ஆனால் அந்தப் பெண் ஒருத்தியையும் வந்ததும் படுக்க வைக்கவில்லை. எப்படி நிற்கிறாய், எந்தத் தோளில் சாக்கு போடுகிறாய், எதைத் தூக்கும்போது வலிக்கிறது என்று அரை மணி நேரம் கேள்வி கேட்டாள். பிறகு சுவரில் கையை ஊன்றி நில்லு, முட்டியை மடக்கு, தினமும் பத்து நிமிஷம் இதைச் செய் என்று அனுப்பினாள். வாரத்துக்கு ஒரு தடவை வலி இல்லாவிட்டாலும் வா என்றாளாம். எனக்கு ரொம்பச் சந்தோஷம். இரண்டு மாசத்தில் போர்டைக் கழற்றிக்கொண்டு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிவிடுவாள் என்று ஃபேக்டரியில் மிக்கேலிடமே சொன்னேன். அவன் பாவம், சிரித்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த ஜூலையில் மாரித்தாய்க்கு ரப்பர் பூட்ஸ் இறுக்கிப் பிடித்தது. நாள் பூரா மழையில் நின்றால் பூட்ஸ் சுருங்கத்தான் செய்யும் என்று நான் முடிவு கட்டினேன். ஸ்டோரில் சண்டை போட்டு ஒரு சைஸ் பெரிய ஜோடி வாங்கிக் கொடுத்தேன். ரப்பர் எங்கே சுருங்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வாங்கிக் கொடுத்ததில் எனக்குத் திருப்தி.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னிடம் சொல்லாமல் ஜின்சியிடம் போய்விட்டு வந்தாள். வந்தவள் அடுப்படியில் நின்றுகொண்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஜின்சிட்ட போயிருந்தேங்க."

"யார்ட்ட கேட்டுப் போன? சொடக்கு எடுத்துச்சா?"

"முதுகத் தொடவே இல்ல. கால அமுக்கிப் பாத்துச்சு. தாலுக் ஆஸ்பத்திரிக்கிப் போயி ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லுச்சு. என்ன மருந்து சாப்பிடுறீகன்னு கேட்டுச்சு. சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குடையைக்கூட எடுக்காமல் இறங்கினேன். பேக்கரி மாடிப்படி ஏறும்போதே கத்த ஆரம்பித்துவிட்டேன்.

"ஏம்மா ஜின்சி! முதுகுக்கு வந்தவ காலப் பாத்தியாமே? படிப்ப மாத்திட்டியா?"

"அங்கிள், உக்காருங்க."

"நான் உக்கார வரல."

அவள் சத்தம் போடவில்லை. நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு நின்றுகொண்டே பேசினாள்.

"முதுகு வலின்னா நான் பாப்பேன் அங்கிள். ஆனா ஆன்ட்டிக்கு ரெண்டு காலும் வீங்கியிருக்கு. அமுக்குன குழி அப்பிடியே நிக்கிது. காலைல எந்திரிச்சா மூஞ்சியும் உப்பியிருக்காம், சோறு எறங்க மாட்டேங்குதாம். இது என் கையில நிக்கிற விஷயம் இல்ல. கிட்னி பாக்கணும்."

"கிட்னியாவது ஒண்ணாவது. பூட்ஸ்ல நின்னு நின்னு நீர் எறங்கியிருக்கு."

"ஆன்ட்டிக்கு எத்தன வருஷமா ஊசி போடுறீங்க?"

"பதினோரு வருஷமா. ஒருத்திக்கும் ஒண்ணும் ஆகல."

"வாரத்துக்கு எத்தன?"

ரெண்டு என்று சொன்னபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் ஒரு தாளில் டெஸ்ட் பெயரை எழுதிக் கொடுத்தாள். ஊசி மருந்துப் பெட்டிக்குள் கம்பெனிக்காரன் மடித்து வைக்கிற விவரத் தாளை நான் படித்தவன். கிட்னி என்ற வார்த்தை அதில் இருக்கிறது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவையாவது அந்தத் தாளை மாரித்தாயோடு சேர்த்து நினைத்தேனா? இல்லை. ஜின்சி கொடுத்த தாளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, இந்தப் பெண்ணுக்கு நல்ல பாடம் கற்பிக்கிறேன் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே படியிறங்கினேன். ஆனால் பாதிப் படியில் நின்று, தாளை எடுத்து இன்னொரு தடவை படித்தேன்.

திங்கட்கிழமை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மத்தியானம் ரிசல்ட் வந்தது. கிட்னி எப்படி இருக்கிறதென்று காட்டுகிற கிரியாட்டினின் இரண்டு புள்ளி நாலு. ஒன்றுக்குள் இருக்க வேண்டியது. எனக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரியும். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாளை மாரித்தாய் கையில் கொடுக்காமல் நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மா இளவயசு. மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார். பிறகு மாரித்தாயைப் பார்த்துக் கேட்டார்.

"வேதனைக்கு இன்ஜெக்‌ஷன் எடுக்குறதுண்டோ? ஆரு எடுத்துத் தந்தது?"

நான் வாயைத் திறந்தேன். என் வேலை, என் பேர், அந்த வரிசை எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றது. அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"மெடிக்கல் ஷாப்புல, டாக்டர். நானே கேட்டுக் கேட்டுப் போட்டுக்கிட்டேன். இவருக்குத் தெரியாது. எஸ்டேட்டு கம்பவுண்டரு, திட்டுவாருன்னு சொல்லல."

டாக்டரம்மா அவளைத்தான் திட்டினார். படிக்காதவர்கள்கூட இப்படிச் செய்ய மாட்டார்கள், வீட்டில் கம்பவுண்டரை வைத்துக்கொண்டு இப்படியா என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி இஸ்திரிச் சட்டையோடு நின்றேன். இனி அந்த மருந்து ஒரு சொட்டுக்கூட உடம்பில் போகக்கூடாது, நிறுத்தினால் இறங்க வாய்ப்பு இருக்கிறது, இறங்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியைப் பார்க்க வேண்டும், ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? இருபத்தாறு வருஷ வேலை. போயிருமில்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. பஸ் முழுக்க டூரிஸ்ட்டுகள் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

அந்த சனிக்கிழமை நாலு மணிக்கு வழக்கம்போல வரிசை நின்றது. மொத்தம் பதினாலு பேர். எல்லாருக்கும் முன்னால் சிசிலி. எஸ்டேட்டில் அதிகக் கிலோ எடுப்பவள், சத்தமும் அதிகம். ஊசிக்குக் கை நீட்டும்போதுகூட யாரையாவது கேலி செய்துகொண்டிருப்பாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் கதவைத் திறந்தேன். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்தது.

"மருந்து ஸ்டாக் இல்ல. அடுத்த வாரம் பாப்போம்."

இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை. முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். மாரித்தாய் வரிசைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனபோது சொல்லிட்டீங்களா என்று கேட்டாள். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை சிசிலி மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். உள்ளே பதினாலு மருந்துக் குப்பி, பதினாலு சிரிஞ்சு.

"எல்லாரும் பிரிச்சுப் போட்டு வாங்கியாந்துட்டோம் கம்பவுண்டரே. கம்பெனிய நம்புனா எங்க இடுப்பு என்னாகுறது? குத்துங்க, நேரமாகுது."

சொல்லிவிட்டுச் சட்டையைச் சுருட்டினாள். அவளுடைய தோளுக்குக் கீழே என் ஊசி விழுந்து விழுந்து காய்த்துப்போன இடம் தெரிந்தது. இனிமேல் ஒளிய இடமில்லை. நான் அந்தப் பொட்டலத்தை இழுத்து டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன்.

"இந்த ஊசிய இனிமே போட மாட்டேன். மாரித்தாய்க்குக் கிட்னி கெட்டுருக்கு. நான் போட்ட ஊசியாலதான். ஒங்களுக்குப் போட்டதும் அதே மருந்துதான்."

நாலைந்து பேர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். சிசிலி மட்டும் சுருட்டிய கையோடு அப்படியே நின்றாள்.

"தெரியுமா? தெரிஞ்சா போட்டீரு?"

"படிச்சிருக்கேன். நெனச்சுப் பாக்கல."

"ஒம்மக் கூடப் பொறந்த பொறப்பா நெனச்சுக் கைய நீட்டுனேனேய்யா!"

அவள் அழுதாள். சிசிலி அழுது நான் பார்த்ததில்லை. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்கும் கெட்டிருக்குமா, எப்படிப் பார்ப்பது என்று கேட்டாள். கால் வீக்கத்தை அமுக்கிப் பார்க்கலாம், ஆனால் நிச்சயமாகத் தெரிய ரத்தம்தான் பார்க்க வேண்டும் என்றேன். அவள் பூட்ஸைக் கழற்றிவிட்டு, சேறு ஒட்டிய காலைத் தூக்கி என் முன்னால் பெஞ்சில் வைத்தாள்.

நான் கீழே உட்கார்ந்து அமுக்கினேன். ஒவ்வொருத்தியாக வந்து வைத்தார்கள். அட்டை கடித்த தழும்பும் பித்தவெடிப்புமாக இருபத்தெட்டுக் கால்கள். பன்னிரண்டு பேருக்கு விரலை எடுத்ததும் சதை மேலே வந்துவிட்டது. இரண்டு பேருக்கு மெதுவாக வந்தது. அதில் ஒருத்தி சிசிலி. ரத்தம் பார்ப்பதை மட்டும், ஒரு நாள் கூலி போகுமே என்று தள்ளிப்போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை வந்த டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைவிடப் பயந்தார். ரிஜிஸ்டரில் வாராவாரம் இருந்தது அவர் கையெழுத்தாயிற்றே. மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது, ஒரு இன்கிரிமென்ட் போயிற்று. வேலை போகவில்லை, ஊசி போடுகிற அதிகாரம் போயிற்று. அதற்கு நான் வருத்தப்படவில்லை.

ஆனால் வலி? ஊசியை நிறுத்தினால் வலி நின்றுவிடுமா? திங்கட்கிழமை பதினாலு பேரும் முக்கிக்கொண்டும் முனகிக்கொண்டும் மலையேறினார்கள். என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்திருக்க வேண்டும். வெட்கத்தை விட்டு மறுபடியும் பேக்கரி மாடி ஏறினேன். ஜின்சி பழசை எடுத்துப் பேசவில்லை. அவர்கள் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் தேயிலைக் காட்டில் அவர்களோடு நின்றாள். எங்கள் பெண்கள் எடை போடுகிற இடத்துக்கு இரண்டு தடவை நடக்கக் கூடாதென்று முழுக் கொழுந்தையும் ஒரே சாக்கில் அமுக்கி, ஒரே நடையில் தலையில் தூக்கி இறக்குவார்கள். அப்படி இறக்குவதில் ஒரு கவுரவமும் உண்டு. இரண்டாக இறக்குகிறவளைச் சோம்பேறி என்பார்கள். அதுவும் மேட்டிலிருந்து கழுத்தை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு. இத்தனை வருஷம் இதைத் தினமும் பார்த்தவன் நான். பார்த்துவிட்டு ஊசி எடுக்கப் போனவன்.

"இதுல நான் வாரா வாரம் எலும்பச் சரிபண்ணி என்ன புண்ணியம் அங்கிள்? திங்கக்கெழம மறுபடியும் இதானே?" என்றாள் ஜின்சி.

சூப்பர்வைசர் அருண்பாண்டியிடம் பேசி, எடைத் தராசைப் பாதி வழியில் இன்னொரு இடத்தில் வைக்க வைத்தாள். சாக்கு பாதியாயிற்று, நடையும் பாதியாயிற்று. காலையில் வேலைக்கு வந்ததும் பேர் கொடுக்கிற இடத்தில் பத்து நிமிஷம் உடம்பை வளைக்கச் சொல்லிக் கொடுத்தாள். முதல் நாள் சிசிலி, தொரைமார் பார்க்கும்போது டான்ஸ் ஆடச் சொல்றியா என்று கேட்டுவிட்டுத் தேயிலைக்குள் போய் நின்றுகொண்டாள். நாலாம் நாள் வந்து கடைசியில் நின்றாள். மூன்றாவது வாரம் மற்றவர்களை அவளே அதட்டினாள். வலி முழுக்கப் போய்விட்டதென்று யாரும் சொல்லவில்லை. ஜின்சியும் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை ஊசியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க முடிந்தது.

ஆறு வாரம் முடிந்து நானும் மாரித்தாயும் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தத் தடவை ஜீப் பிடித்திருந்தோம். லேபில் தாளைக் கொடுத்தபோது என் கண்ணாடியில் ஆவி படிந்து எண் தெரியவில்லை. மாரித்தாய் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒன்று புள்ளி அஞ்சு. நான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள். லேப் வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நாலு பேர் பார்க்க நான் அவள் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு. இன்னும் இறங்கும், விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

"கடைல போயி இன்ஜெக்‌ஷன் போடுறத விட்டீங்கல்லே? நல்லது."

"கடையில போடல டாக்டர்," என்றேன். மாரித்தாய் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "நான்தான் போட்டேன். பதினோரு வருஷமா. இவ எனக்காகப் பொய் சொன்னா."

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், வேறு யாருக்கெல்லாம் போட்டாய் என்று கேட்டார்.

"பதினாலு பேருக்கு."

"அவங்க எவிடே?"

"வெளிய பெஞ்சுல இருக்காங்க டாக்டர். ரெண்டு ஜீப்புல கூட்டிட்டு வந்திருக்கேன்."

அவர் எழுந்து வெளியே வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சேலையில், தலைக்குப் பூ வைத்து, மடியில் டிபன் கட்டிக்கொண்டு பதினாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உங்களுக்கெல்லாம் என்ன அசுகம் என்று கேட்டார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் எஸ்டேட்டில் ஒருத்தியும், விழுந்து மற்றவர்கள் தூக்கிக்கொண்டு வந்தாலொழிய, ஆஸ்பத்திரிப் படி ஏறியதில்லை.

"ஒண்ணும் இல்ல டாக்டர். ஏதும் வந்துறக் கூடாதுன்னுதான் வந்தோம்," என்றாள் சிசிலி.

நர்ஸ் ரத்தம் எடுக்கிற தட்டோடு வந்தாள். சிசிலிதான் முதலில் எழுந்தாள். சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டினாள். வழக்கம்போல அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள நான் பக்கத்தில் போனேன்.

"நீரு தள்ளி நில்லும்," என்றாள். "அந்தப் பிள்ள குத்தட்டும்."

பதினாலு பேரும் சிரித்தார்கள். மாரித்தாயும் சிரித்தாள். நான் தள்ளி நின்றேன்.